தொட்டிலும் தூரிகையும்

பாரிஸ் நகரின் ஓர்சே அருங்காட்சியகத்தில் "தொட்டில்" என்ற பெயருடைய ஓவியம் ஒன்று இருக்கின்றது. மெல்லிய வெண்திரையிட்ட தொட்டில். உள்ளே உறங்கும் சிசு. அருகே கன்னத்தில் கைவைத்தபடி அதையே பார்த்திருக்கும் இளந்தாய். 1872ஆம் ஆண்டில் இதைத் தீட்டியவர் பேர்த் மொரிசோ என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. படத்தில் இருப்பவர் அவருடைய தமக்கை எட்மா. தொட்டிலில் கிடப்பது எட்மாவின் மகள் பிளான்ஷ்.

இப் படத்தைப் பார்த்து மகிழ்வோர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. கன்னத்தில் கைவைத்திருக்கும் அந்தத் தாயும் ஓர் ஓவியரே. அக்காவும் தங்கையும் சிறு வயது முதல் ஒரே ஆசிரியர்களிடம் பயின்றவர்கள். 1864ஆம் ஆண்டு பாரிஸ் அரச கண்காட்சியில் இருவருடைய படங்களும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. 1869இல் எட்மா கடற்படை அதிகாரி ஒருவரை மணந்து லோரியன் என்னும் துறைமுக நகருக்குப் போனார். அத்துடன் அவருடைய தூரிகை நின்றது. தங்கையின் ஓவிய அறையில் தான் இன்னும் இருப்பதுபோலவே மனம் அலைகின்றது என்ற பொருள்பட அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. அவர் தீட்டிய படங்களோ மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று, தங்கை பேர்த் படம் தீட்டிக்கொண்டு நிற்கும் காட்சி.

தங்கையின் கதை வேறுவிதமாக நடந்தது. பேர்த் 1874இல் யூஜீன் மனே என்பவரை மணந்தார். புகழ்பெற்ற ஓவியர் எட்வார் மனேயின் தம்பி இவர். 1878 நவம்பர் 14இல், பேர்த்துக்கு 37 வயதானபோது, ஜூலி என்ற மகள் பிறந்தாள். மொரிசோவும் மோனே, டெகா முதலிய நண்பர்களும் 1874 முதல் 1886 வரை நடத்திய கண்காட்சிகள் எட்டு. இவற்றுள் ஏழில் மொரிசோவின் படங்கள் இடம்பெற்றன. இடம்பெறாதது 1879ஆம் ஆண்டுக் கண்காட்சி ஒன்றே. அப்போது ஜூலி கைக்குழந்தை. அடுத்த ஆண்டு, 1880இல், மொரிசோ மீண்டும் வந்துவிட்டார்.

ஒரே வீட்டில் வளர்ந்து, ஒரே கல்வி பெற்ற இருவரில் ஒருவர் திரும்பினார், மற்றவர் திரும்பவில்லை. திறமையில் எட்மா குறைந்தவர் என்று அக்காலத்தில் அவரை அறிந்தவர் எவரும் கூறவில்லை. அப்படியாயின் வேறுபாடு எங்கே இருந்தது? பிள்ளை பெற்றபின் படம் கீறுவதை விட்டுவிட்டு, "இனி எங்கே அதற்கெல்லாம் நேரம்" என்று வர்ணப் பெட்டியை அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவைத்த இளந்தாய்மார் நம்மவரிடையேயும் உள்ளனர். அவர்களுக்கும் அவர்களுடைய வீட்டாருக்கும் இக் கேள்வி பயனுடையது.

திரும்பி வந்தவருக்கு இருந்தவை

மொரிசோவுக்கு முதலாவதாக இருந்தது கைத்துணை. 1880 அளவில் அவர் தீட்டிய படம் ஒன்றில் ஆஞ்செல் என்னும் செவிலித்தாய் ஜூலிக்குப் பால் கொடுத்துக்கொண்டு புல்வெளியில் அமர்ந்திருக்கின்றாள். தன் பிள்ளை இன்னொருத்தியின் மடியில் பால் குடிக்க, அதைப் பெற்றவள் எதிரே நின்று தீட்டுகின்றாள். இரண்டு பெண்களும் தத்தம் வேலையைச் செய்கின்றார்கள். வசதியுள்ள குடும்பமாதலால் அவ்வாறு கூலிக்கு ஆள் வைக்க முடிந்தது. அந்தச் செவிலியின் சொந்தப் பிள்ளைக்கு யார் பால் கொடுத்தார்கள் என்பது படத்தில் இல்லை. ஒரு தாய் தூரிகை எடுக்கும் நேரத்தை யாரோ ஒருவர் தம் உழைப்பால் தருகின்றார் என்பதை மறக்கலாகாது.

இரண்டாவதாக, கணவரின் மனம். யூஜீன் மனே மனைவியின் வேலையைத் தம் வேலையாக எண்ணியவர். 1882ஆம் ஆண்டுக் கண்காட்சியின்போது மனைவியும் மகளும் வெளியூரில் இருக்க, அவரே பாரிசுக்குச் சென்று படங்களைத் தொங்கவிடும் ஒழுங்குகளைக் கவனித்தார். மகளுடன் தோட்டத்தில் விளையாடும் தந்தையாக அவரை மொரிசோ தீட்டிய படங்களும் உண்டு. தந்தை பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அந்த நேரத்தில்தான் அப் படங்கள் உருவாகியிருக்க வேண்டும் அல்லவா?

மூன்றாவது, அவர் இடத்துக்காகக் காத்திருக்கவில்லை. தனி ஓவியக்கூடம் வேண்டும் என்று இராமல் வீட்டின் வரவேற்பறையிலேயே வேலை செய்தார். விருந்தினர் வந்தால் வர்ணமும் தூரிகையும் ஓரமாக மறைந்துவிடும். தீட்டும் பொருளையும் வெளியே தேடவில்லை. ஜூலியின் தொட்டிற் பருவம் முதல் பதினாறாம் வயதுவரை அவளையே திரும்பத் திரும்பத் தீட்டினார். பிள்ளை ஓவியத்துக்குத் தடையாக நிற்காமல் ஓவியத்தின் பொருளாகவே ஆகிவிட்டது.

இன்று அந்நிய நாட்டில் வாழும் இளந்தாய்க்குச் செவிலி இல்லை. ஊரிலிருந்து அம்மம்மா வந்து பத்தியக் கறியும் சமைத்து, பிள்ளையையும் குளிப்பாட்டி, விசா முடியும் நாளில் விமானம் ஏறிவிடுகின்றார். கணவர் வேலைக்குத் திரும்புகின்றார். மூன்றாம் நான்காம் மாதத்தில் தாயும் சேயும் யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடி தனித்திருக்கின்றனர். ஆகவே மொரிசோவுக்குப் பணத்தால் கிடைத்ததை இங்கே வேறு வழிகளிற் தேட வேண்டியிருக்கின்றது. அதற்கு முன் உடலையும் மனத்தையும் பற்றிச் சில செய்திகள் அவசியம்.

முதலில் உயிர்

ஜெர்மனியில் வோர்ப்ஸ்வேட என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் பவுலா மோடர்ஸோன்-பெக்கர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய பெரும் ஓவியர்களில் ஒருவர். 1907 அக்டோபரில் பாரிஸில் செசான் என்னும் ஓவியரின் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, நிறைமாதக் கர்ப்பிணியான பவுலா, அவற்றைப் போய்ப் பார்க்க ஏங்குவதைக் கடிதத்தில் எழுதினார். நவம்பர் 2இல் மகள் பிறந்தாள். பிரசவம் கடினமாக இருந்ததால் படுக்கையிலேயே இருக்கும்படி கூறப்பட்டது. ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து எழுந்து நடந்தபோது சரிந்து வீழ்ந்து உயிர் நீத்தார். வயது 31. காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்ததே காரணம். 1927இல் பிரேமன் நகரில் அவருக்கென அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. ஒரு பெண் ஓவியருக்கென உலகில் எழுந்த முதல் அருங்காட்சியகம் அதுவே. அவருக்கு அதனால் என்ன பயன்?

கர்ப்ப காலத்திலும் பிரசவத்தின் பின்னரும் பெண்ணின் இரத்தம் வழமையிலும் எளிதாக உறையும். பிரசவத்தில் இரத்தம் அதிகம் போகாமலிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. ஆனால் அசையாது படுத்திருந்தால் இதே ஏற்பாடு ஆபத்தாக முடியும். பிரசவத்தின் பின் முதல் ஆறு வாரங்களில் ஆபத்து மிகுதி. பன்னிரண்டு வாரம்வரை சிறிதளவு நீடிக்கும். சத்திர சிகிச்சை மூலம் பிள்ளை பெற்றோருக்கு இன்னும் கூடுதல். பவுலாவின் காலத்தில் நீண்ட படுக்கையே நல்ல வைத்தியம் எனக் கருதப்பட்டது. இன்று வைத்தியசாலைகளில் இயன்றவரை விரைவில், பெரும்பாலும் ஒரு நாளுக்குள்ளேயே, தாயை எழுப்பி நடக்கவைப்பதன் காரணம் இதுதான்.

நம்மவர் வழக்கில் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை தாய்க்கு ஓய்வு கொடுப்பது நல்லதொரு முறை. அடுக்களை வேலையிலிருந்து அவளை விடுவிக்கும் ஏற்பாடு அது. ஆயினும் ஓய்வு வேறு, கிடை வேறு. வீட்டுக்குள் நடக்கலாம்; நடக்கவும் வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கம் அல்லது நோவு, திடீரென மூச்சு வாங்குதல், மூச்சிழுக்கும்போது நெஞ்சு குத்துதல் ஆகியவை தோன்றினால் பொறுத்துப் பார்க்கலாம் என்று இராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நேரமில்லையா, மனமில்லையா?

படம் கீறுவதை நிறுத்திய தாயிடம் காரணம் கேட்டால், "நேரமில்லை" என்பாள். பெரும்பாலும் உண்மை அதுவே. பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். இரவில் தாயின் உறக்கம் துண்டு துண்டாகப் போய்விடும். ஆனால் "நேரமில்லை" என்ற சொல்லின் பின்னே சில வேளை "மனமில்லை" என்ற நோய் ஒளிந்திருக்கும். இரண்டையும் பிரித்தறிவது வீட்டாரின் கடமை.

பிரசவத்தின் மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் அளவில் காரணமின்றி அழுகை வருவது மிகவும் சாதாரணம். பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இது வரும். இரண்டு வாரத்துள் தானாகவே நீங்கும். இரண்டு வாரத்துக்கு மேலும் துயரம் நீடித்தால் அது வேறு. முன்பு விரும்பிச் செய்த எதிலும் நாட்டமின்மை, பிள்ளை உறங்கும்போதும் உறக்கம் வராமை, "நான் நல்ல தாய் அல்ல" என்ற ஓயாத குற்றவுணர்ச்சி, பிள்ளைமேல் ஒட்டுதல் இல்லாதது போன்ற உணர்வு ஆகியவை பிரசவத்தின் பின் வரும் மனச்சோர்வின் அடையாளங்கள். பத்துத் தாய்மாரில் ஒருவருக்கேனும் இது உண்டாகின்றது. எடின்பரோ நகரில் உருவாகி 1987இல் வெளியான பத்துக் கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று இன்று உலகெங்கும் இதை அறியப் பயன்படுகின்றது. குடும்ப வைத்தியரிடமோ தாதியிடமோ கேட்டால் சில நிமிடங்களில் முடித்துவிடலாம்.

நேரமில்லாத தாய், வேறொருவர் பிள்ளையை ஏந்திக்கொண்டால் பென்சிலைத் தேடுவாள். அல்லது மகிழ்ச்சியோடு உறங்கப் போவாள். மனமில்லாத தாய், நேரம் கிடைத்தும் சுவரைப் பார்த்திருப்பாள். அவளிடம் "வர்ணத்தை எடு, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்வது கால் முறிந்தவளை நடக்கச் சொல்வது போன்றது. அவளுக்கு வேண்டியது வைத்தியம். பேச்சு மூலமான சிகிச்சைகளும், பால் கொடுக்கும் காலத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. குணமாகும் நோய் இது. இரத்தச்சோகையும் தைரொயிட் சுரப்பியின் கோளாறும் இதே சாயலில் வரக்கூடும். ஆகையால் இரத்தப் பரிசோதனையும் செய்விப்பது நன்று. இல்லாதது காதில் கேட்பதாகக் கூறுதல், உறக்கமே இன்றி ஓயாது பரபரத்தல், தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு நேரும் என்ற பேச்சு ஆகியவை தோன்றினால் அன்றே, அப்பொழுதே வைத்தியசாலை. ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கே இது வரும்; வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. கண்ணூறு என்றும் பேய்க்கோளாறு என்றும் காலங் கடத்துவது உயிருக்கு உலை வைக்கும்.

கலைகள் மனச்சோர்வுக்குத் துணையாகும் என்பதற்கும் சான்று இல்லாமலில்லை. லண்டனில் 134 தாய்மாரைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பிள்ளைகளோடு கூடியிருந்து பத்து வாரம் பாடிய தாய்மாருள் சோர்வு மிகுந்திருந்தோர் ஏனையோரிலும் விரைவாகத் தேறினர். அது பாட்டுக்குக் கிடைத்த சான்று. அதையே ஓவியத்துக்கும் பொருத்திக் கூறிவிட முடியாது. வைத்தியத்துடன் சேர்ந்து நடக்கும் துணையாகவே எக் கலையையும் கொள்ள வேண்டும்.

கை மறப்பதில்லை

இரண்டு வருடம் தூரிகை தொடாதவள் முதன்முதல் தீட்டும் படம் அநேகமாக அவளுக்குப் பிடிக்காது. "எல்லாம் மறந்துபோயிற்று" என்று கவலைப்படுவாள். ஓவியம் கைப்பழக்கத்தால் வருவது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். பழக்கம் விட்டால் போய்விடும் என்பது அதன் மறுபக்கமாகத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. பெயர்களையும் தேதிகளையும் சேமிக்கும் ஞாபகம் வேறு. நீந்துதல், சைக்கிள் ஓட்டுதல், கோலம் போடுதல், கோடு கீறுதல் ஆகிய கைவினைகளைச் சேமிக்கும் ஞாபகம் வேறு. பின்னது மூளையின் ஆழத்திலுள்ள கருக்களிலும் சிறுமூளையிலும் பதிந்திருப்பது. வருடக்கணக்கில் விட்டாலும் அழிவதில்லை. தொடக்கத்தில் இயந்திரம் குளிர்ந்திருப்பது போன்ற ஒரு தடுமாற்றம் இருக்கும். சில தடவை பழகினால் சூடேறிவிடும்.

"பிள்ளை பெற்றபின் மூளை மழுங்கிவிட்டது" என்று தாய்மார் சிலர் சொல்வதும் கேட்கின்றது. பார்சலோனா நகரில் செய்து 2016இல் வெளியான ஆய்வில், முதற் பிள்ளை பெற்ற தாய்மாரின் மூளையின் சில பகுதிகள் உருமாறுவதும், அம் மாற்றம் இரண்டு வருடமேனும் நிலைப்பதும் தெரியவந்தது. ஆனால் அவர்களுடைய ஞாபக சக்தி குறைந்ததாகத் தெரியவில்லை. பிள்ளையின் முகத்தை வாசிக்க மூளை தன்னைத் திருத்திக்கொள்வதாகவே ஆய்வாளர் கருதினர். முகம் பார்க்கக் கற்றுக்கொண்ட மூளை ஓவியருக்கு நட்டமாகுமா?

கைக்கு வரும் உண்மையான தொல்லைகள் இரண்டு. முதலாவது, மணிக்கட்டில் பெருவிரற் பக்கமாக வரும் நோவு. பிள்ளையின் அக்குளில் பெருவிரலை விரித்துத் தூக்கித் தூக்கி அங்குள்ள இரண்டு தசைநாண்களின் உறை தடித்துவிடுகின்றது. தூரிகையைப் பிடித்தாலும் அதே இடம் நோகும். பிள்ளையின் தலைக்கும் பிட்டத்துக்கும் கீழே உள்ளங்கையை மேல்நோக்கிக் கொடுத்து அள்ளித் தூக்கப் பழக வேண்டும். இரவிலும், நோவு கூடிய வேளையிலும் மணிக்கட்டுக்குத் தாங்குபட்டை அணியலாம். தூரிகையின் காம்பில் துணி சுற்றித் தடிப்பாக்கினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. குறையாவிட்டால் வைத்தியர் ஊசி ஒன்றினால் நிவாரணம் தருவார். இரண்டாவது, இரவில் விரல்கள் விறைத்தல். கர்ப்பத்தில் தொடங்கும் இது பிரசவத்தின் பின் சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலும் தானே குறையும்.

வர்ணப் பெட்டியைத் திறக்கும் முன்

மேல்தட்டிலிருந்து இறக்கிய பெட்டியில் என்ன இருக்கின்றது என்று முதலில் பார்க்க வேண்டும். பழங்காலத்து ஓவியரின் வெள்ளை நிறம் ஈயத்தால் ஆனது. ஈயம் எலும்பில் தங்கிப் பாலிலும் கலக்கும். வளரும் பிள்ளையின் மூளைக்குக் கேடு. வர்ணக் குழாயின் மீது சிறிய எழுத்தில் பி.டபிள்யூ. 1 என்றிருந்தால் அது ஈய வெள்ளை. பி.டபிள்யூ. 6 என்பது டைட்டேனிய வெள்ளை, ஈயமற்றது. பழைய மஞ்சள் நிறங்கள் சிலவற்றிலும் ஈயம் உண்டு. சந்தேகமானவற்றை அப்புறப்படுத்திவிடலாம். தூளாக வரும் நிறங்களைக் குழைக்கும் வேலை பிள்ளையுள்ள வீட்டில் வேண்டாம். தூரிகையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கமும் வேண்டாம்.

டர்பன்டைன் எண்ணெயின் ஆவி மூடிய அறையில் தேங்கும். குளிர்நாட்டில் யன்னலைத் திறக்க எவரும் விரும்புவதில்லை. ஆதலால் பால் கொடுக்கும் காலத்தில் எண்ணெய் வர்ணத்தை விட்டு நீர்வர்ணம், அக்ரிலிக், பென்சில் என்பவற்றுக்கு மாறுவது எளிது. மொரிசோவும் நீர்வர்ணத்தை நிறையப் பயன்படுத்தியவர். டர்பன்டைன் வீட்டில் இருக்கத்தான் வேண்டுமாயின் பூட்டிய அலுமாரியில், அதன் சொந்தப் போத்தலில் இருக்கட்டும். தவழும் பிள்ளை அதைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போவதே பெரிய ஆபத்து. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றும். அவற்றை வெளியே விரித்துக் காயவைத்து, அல்லது நீர் நிரப்பிய தகர டப்பாவில் மூடி வைத்து அகற்ற வேண்டும்.

அரை மணி நேரம்

இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி பார்பரா ஹெப்வர்த். ஏற்கனவே ஒரு மகனுக்குத் தாயான அவருக்கு 1934 அக்டோபரில் ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள் பிறந்தன. கல் கொத்துவது அவருடைய தொழில். அவர் மீண்டும் உளியை எடுத்தபோது வேலை முன்பு போல இருக்கவில்லை. மனித உருவங்கள் மறைந்து தூய வடிவங்கள் வந்தன. 1935இல் அவர் செதுக்கிய "மூன்று வடிவங்கள்" என்னும் வெண்சலவைக்கல் சிற்பம் இப்பொழுது லண்டன் டேட் காட்சிச்சாலைக்குரியது. பிள்ளைகளும் சமையலும் பெண் கலைஞரை வறியவராக்குவதில்லை, ஆனால் நாள்தோறும் அரை மணி நேரமாவது வேலை செய்ய வேண்டும், அப்பொழுதுதான் உருவங்கள் மனத்தில் வளரும் என்ற கருத்தை அவர் பிற்காலத்தில் எழுதினார்.

இதிலுள்ள நுட்பம் கவனிக்கத்தக்கது. அரை மணியில் படம் முடிவதில்லை. ஆனால் அந்த அரை மணி, மிகுதி இருபத்து மூன்றரை மணிக்கும் மனத்தில் விதை போட்டுவிடுகின்றது. பால் கொடுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அடுத்த கோடு எங்கே என்று மனம் தேடிக்கொண்டிருக்கும். "முழுநாள் ஓய்வு கிடைத்தால் தொடங்குவேன்" என்றிருப்பவளுக்கு அந்த முழுநாள் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை வராது.

எனவே தொடக்கத்தில் எல்லாவற்றையும் சிறிதாக்குவது நல்லது. பெரிய கன்வஸ் துணிக்குப் பதில் உள்ளங்கையளவு கடதாசி. மேசையின் ஒரு மூலை, அல்லது ஒரு தட்டம். அந்தத் தட்டில் வேலை கலையாமல் அப்படியே இருந்து, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஏறி நின்றால், மறுநாள் எடுத்துவைக்கும் பத்து நிமிடம் மிச்சமாகும். பொருளுக்கு அலைய வேண்டியதில்லை. உறங்கும் பிள்ளையைவிட அசையாதிருக்கும் முகம் வேறெங்கும் கிடைக்காது. முதற் பத்துப் படங்களையும் கிழிக்காமல் தேதியிட்டு வைத்துக்கொண்டால், பதினோராவது எவ்வளவு முன்னேறியிருக்கின்றது என்பது தெரியவரும். முந்திய இரவு இரண்டு மணி நேரமே உறங்கியவளுக்கு மட்டும் அந்த அரை மணி உறக்கத்துக்கே உரியது. உறக்கத்தைக் கொடுத்துப் படத்தை வாங்குவது நல்ல வியாபாரம் அன்று.

வீட்டார் செய்யக்கூடியது

"பிள்ளை அழுகுது, இவள் படம் கீறிக்கொண்டிருக்கிறாள்" என்ற ஒரு சொல் போதும், வர்ணப் பெட்டி மறுபடி மேல்தட்டுக்குப் போய்விடும். அதே மாமியார், "நீ இரு பிள்ளை, நான் தூக்குறன்" என்று சொன்னால் அந்த வீட்டில் ஓர் ஓவியம் பிறக்கும். வேலையால் வரும் கணவர் நாள்தோறும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம் பிள்ளையை ஏந்திக்கொண்டு வெளியே போய்வரலாம். இதனை உதவி என்று கூறுவதும் பொருந்தாது. அவருடைய பிள்ளையும் அல்லவா அது? "இன்றைக்கு முடிந்தால் பார்ப்போம்" என்ற வாக்கைவிட, "ஏழு மணி முதல் ஏழரை வரை உன்னுடையது" என்ற வாக்குப் பன்மடங்கு மேலானது. பாட்டன் பாட்டி ஊரில் இருக்கும் குடும்பங்களில் அயல்வீட்டுத் தாய்மார் இருவர் வாரம் ஒருநாள் முறைவைத்து ஒருவர் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்ளலாம். செவிலித்தாய்க்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் நேரத்தையே ஒருவருக்கொருவர் கைமாற்றாகக் கொடுத்து வாங்கலாம்.

திரும்பாமல் இருப்பதும் ஒரு பெண்ணின் உரிமைதான். பிள்ளை வளர்ப்பிலே முழு நிறைவு காண்பவளைக் குறை கூற எவருக்கும் இடமில்லை. ஆனால் எட்மாவைப்போல, மனம் ஓவிய அறையிலும் உடல் வீட்டிலுமாக ஒருத்தி வாழ்நாளைக் கழிப்பது வேறு. அவள் தன் விருப்பத்தால் நின்றாளா, அல்லது எவரும் பிள்ளையை வாங்கிக்கொள்ளாததால் நின்றாளா என்று வீட்டார் ஒரு தடவையேனும் கேட்க வேண்டும்.

பேர்த் மொரிசோ 1895 மார்ச் 2இல், 54ஆம் வயதில் நிமோனியாவால் காலமானார். காய்ச்சலில் கிடந்த மகள் ஜூலியைப் பராமரிக்கையில் தொற்றிக்கொண்ட நோய் அது. இறப்புச் சான்றிதழை எழுதிய அலுவலர் "தொழில் எதுவும் இல்லை" என்று பதிந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் ரெனுவாரும் மோனேயும் டெகாவும் கவிஞர் மலார்மேயும் பதினேழு வயது ஜூலியோடு கூடி நின்று ஒரு நினைவுக் கண்காட்சி வைத்தார்கள். சுவர்களில் ஏறத்தாழ 400 படங்கள் தொங்கின. அவற்றுட் பெரும்பாலானவை ஜூலி பிறந்தபின் தீட்டப்பட்டவை.